டூரிசம் படிக்கலாமா? ஒரே பெயரில் விற்கும் ஐந்து படிப்புகளும் அவற்றின் கணக்கும்

ப்ளஸ் டூ ரிசல்ட் வரும் மே மாதத்தில் என் போனுக்கு இரண்டு வகை அழைப்புகள் வரும். "கொடைக்கானல்ல இந்த சனி, ஞாயிறு ரூம் கிடைக்குமா?" என்பது ஒன்று. "பொண்ணு டூரிசம் படிக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறா, சேர்க்கலாமா?" என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குப் பதில் சுலபம்: கிடைக்காது. இரண்டாவதற்கு அரை மணி நேரமாவது பேச வேண்டியிருக்கிறது. கேட்பவர் மனதில் இருப்பது ஒரு படிப்பு. சந்தையில் அந்தப் பெயரைச் சொல்லி ஐந்து படிப்புகள் விற்கின்றன. ஐந்தும் ஐந்து வேறு பிழைப்புகளில் கொண்டுபோய் விடும்.

மதுரையில் பதினேழு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். கவுண்டரில் டிக்கெட் போட்டிருக்கிறேன், காசிக்குக் குரூப் கூட்டிப் போயிருக்கிறேன், கொரோனா காலத்தில் மாமாவின் ஹார்டுவேர் கடையில் ஆணி நிறுத்துக் கொடுத்திருக்கிறேன். போனில் ஒவ்வொருவரிடமும் சொன்னதை இங்கே மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

## எதை வைத்து எடை போடுவது?

கல்லூரிக் கையேட்டின் முதல் பக்கத்தில் சுற்றுலாப் பயணிகளின் எண்ணிக்கை இருக்கும். பொய் இல்லை. 2019இல் தமிழ்நாட்டுக்கு வந்த உள்நாட்டுப் பயணிகள் சுமார் 49 கோடி. வெளிநாட்டவர் 68 லட்சத்துக்கு மேல், அந்த வருடம் நாட்டிலேயே அதிகம். ஆனால் அந்த 49 கோடியில் பெரும்பகுதி கோயிலுக்கு வரும் நம்மூர்க் குடும்பங்கள். வேன் பிடித்து வந்து, லாட்ஜில் ஒரு ராத்திரி தங்கி, தரிசனம் முடித்து, வாசலில் பொம்மை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அவர்களுக்குப் பட்டம் படித்த ஒருவர் திட்டம் போட்டுத் தர வேண்டியதில்லை. ஆகவே அந்த எண்ணிக்கையைத் தள்ளி வைத்துவிட்டு இவற்றைப் பாருங்கள்.

மொத்தச் செலவு. கட்டணம் மட்டுமல்ல, கோட்டு, கல்விச் சுற்றுலா, சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப் நாட்களின் விடுதி வாடகை எல்லாம் சேர்த்து.

முதல் மூன்று வருடம். இந்தத் தொழிலில் தொடக்கச் சம்பளம் குறைவு. எந்த வழியில் அது சீக்கிரம் ஏறும்?

பொங்கலன்று எங்கே இருப்பீர்கள்? ஊர் லீவு போட்டால்தான் நமக்கு வேலை. கேட்கச் சாதாரணமாகத் தெரியும். நான்காவது தீபாவளியையும் பஸ் ஸ்டாண்டில் கழிக்கும்போதுதான் உறைக்கும்.

திரும்பி வர வழி. பிடிக்கவில்லை என்றால் அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு வேறு எங்கே போகலாம்?

செயலி தின்றுவிடுமா? ரயில் டிக்கெட் 2002இலேயே இணையத்துக்குப் போய்விட்டது. அப்புறம் பஸ், விமானம், ஹோட்டல். மிச்சம் இருப்பது எது?

இன்னொரு 2020 வந்தால்? அந்த மார்ச்சில் நின்றுபோன வழக்கமான சர்வதேச விமானச் சேவை 2022 மார்ச் 27ஆம் தேதிதான் முழுசாகத் திரும்பியது. இரண்டு வருடம் கையில் இருந்து சாப்பிட்டவர்கள் நாங்கள்.

அவசரக்காரர்களுக்கு ஒரு அட்டவணை. காரணங்கள் கீழே.

| வழி | ப்ளஸ் டூவுக்குப் பின் காலம் | பண்டிகை நாளில் | திரும்பி வர வழி | செயலி பயம் |
|---|---|---|---|---|
| சுற்றுலாப் பட்டம் | 3 வருடம் | பெரும்பாலும் வேலை | சுமார் | நடுத்தரம் |
| ஹோட்டல் மேனேஜ்மென்ட் | 3 வருடம் | நிச்சயம் வேலை | உணவுத் தொழில் முழுவதும் | குறைவு |
| பட்டம் + டிக்கெட்டிங் டிப்ளமா | 3 வருடம் + சில மாதம் | ஷிஃப்டைப் பொறுத்தது | நல்லது | அதிகம் |
| பட்டம் + அந்நிய மொழி + கைடு சான்று | 3 வருடம், மொழி கூடவே | சீசனில் வேலை | மிக நல்லது | குறைவு |
| பட்டம் + எம்.பி.ஏ. டூரிசம் | 5 வருடம் | பதவியைப் பொறுத்தது | சுமார் | குறைவு |

## 1. மூன்று வருடச் சுற்றுலாப் பட்டம்

பி.பி.ஏ. டூரிசம், பி.ஏ. சுற்றுலா மற்றும் பயண மேலாண்மை, வரலாறும் சுற்றுலாவும் என்று கல்லூரிக்கு ஒரு பெயர். மத்திய அரசின் சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் ஐ.ஐ.டி.டி.எம். (இந்தியச் சுற்றுலா மற்றும் பயண மேலாண்மை நிறுவனம்) என்றொரு நிறுவனம் இருக்கிறது. 1983இல் தொடங்கியது, தலைமையிடம் குவாலியர். நமக்குப் பக்கத்து வளாகம் நெல்லூர். இதற்காகவே தனி நிறுவனம் வேண்டும் என்பவர்கள் முதலில் விசாரிக்க வேண்டிய இடம் அதுதான்.

பாடங்கள் அகலமானவை. உலகப் புவியியல், இந்தியக் கலை, பயணத் திட்டம் போடுவது, சந்தைப்படுத்தல், கணக்குப் பதிவு, விமான டிக்கெட் மென்பொருள் என எல்லாவற்றிலும் ஒரு கைப்பிடி. சிக்கலும் அங்கேதான். எங்களிடம் வரும் பிள்ளைகளுக்கு மதுரைக்கு ஐ.எக்ஸ்.எம்., திருச்சிக்கு டி.ஆர்.இசட்., கோவைக்கு சி.ஜே.பி. என்று விமான நிலையக் குறிகள் தலைகீழாகத் தெரியும். பதினொரு பேர் குடும்பம், அதில் இரண்டு சர்க்கரைக்காரர்கள், ஒரு கைக்குழந்தை, மூணாறில் இரண்டு நாள் என்று சொல்லி, வண்டி, ரூம், சாப்பாடு, டிரைவர் பேட்டா எல்லாம் சேர்த்துத் தலைக்கு எவ்வளவு என்று கேட்டால் முழிப்பார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. அது வகுப்பில் வராது, சீட்டில் உட்கார்ந்தால்தான் வரும். அதனால் இந்தப் பட்டத்தின் மதிப்பு இன்டர்ன்ஷிப்பின் மதிப்புதான்.

மறைமுகச் செலவில் முதலிடம் கல்விச் சுற்றுலாவுக்கு. டெல்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர் என்று ஒரு வாரம் போவார்கள், அதற்குத் தனிப் பணம். அடுத்தது இன்டர்ன்ஷிப். நல்ல கம்பெனிகள் பெரும்பாலும் சென்னையில். சம்பளம் தர மாட்டார்கள், தந்தாலும் பஸ் காசுக்குத்தான் காணும். தேனியிலிருந்தோ ராமநாதபுரத்திலிருந்தோ படிக்கும் பிள்ளைக்கு இரண்டு மாதத் தங்கும் செலவு கையிலிருந்துதான் போகும்.

மூன்றாவது செலவு பணமாகத் தெரியாது. பிறகு மனம் மாறி பி.எட். போகலாம் என்று நினைத்தால், பட்டத்தின் பாடம் பள்ளியில் இருக்கும் பாடமாகவோ அதற்குச் சமமானதாகவோ இருக்க வேண்டும். சுற்றுலா பள்ளிப் பாடம் இல்லை. 'வரலாறும் சுற்றுலாவும்' போன்ற பெயர் என்றால், வரலாற்றுக்குச் சமம் என்று அரசாணை இருக்கிறதா எனக் கல்லூரி அலுவலகத்தில் சேரும் முன்பே கேட்டுவிடுங்கள். எந்தப் பட்டமும் போதும் என்கிற டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளுக்கும் வங்கித் தேர்வுகளுக்கும் இந்தத் தொல்லை கிடையாது.

தொடக்கச் சம்பளம் நான் பார்த்த வரையில் மதுரை, திருச்சி பக்கம் மாதம் 12,000 முதல் 18,000. சென்னையில் கொஞ்சம் கூடும், வாடகை அதைத் தின்னும். மூன்றாவது வருடத்தில் தனியாக ஒரு குரூப்பைக் கையாளத் தெரிந்தவர் மேலே போவார். தெரியாதவர் அதே நாற்காலியில் இருப்பார்.

சுற்றுலாத் துறையில் உதவி சுற்றுலா அலுவலர், ஐ.ஆர்.சி.டி.சி.யில் ஒப்பந்தப் பணி போன்றவற்றுக்கு இந்தப் படிப்பைக் கேட்பார்கள், உண்மைதான். ஆனால் இடங்கள் சொற்பம், எப்போதாவதுதான் அறிவிப்பு வரும். ஏதாவது ஒரு பட்டத்தோடு சுற்றுலா டிப்ளமா இருந்தாலும் போதும் என்ற வரியும் அவற்றில் இருப்பதுண்டு. அரசு வேலைக்காக மட்டும் மூன்று வருடத்தை இதில் போடுவது சரிப்படாது.

எப்போது இதுவே நல்லது? கல்லூரி பெரிய ஊரில் இருந்து, ஒவ்வொரு வருடமும் இன்டர்ன்ஷிப் கட்டாயம் என்று வைத்திருந்து, பிள்ளைக்குக் கணக்கும் ஆங்கிலமும் பயமில்லை என்றால். அல்லது வீட்டில் ஏற்கெனவே டிராவல்ஸோ லாட்ஜோ இருந்தால்.

ஒரு எச்சரிக்கை. 'ஏர்போர்ட் மேனேஜ்மென்ட்', 'ஏவியேஷன்', 'நூறு சதவீத வேலை உத்தரவாதம்' என்று பஸ் பின்னால் ஒட்டியிருப்பதும் சுற்றுலாப் பட்டமும் ஒன்றில்லை. பல இடங்களில் பயிற்சி மையம் ஒன்றாகவும் பட்டம் தரும் பல்கலைக்கழகம் வேறு மாநிலத்தில் எங்கோ ஒன்றாகவும் இருக்கும். எந்தப் பல்கலைக்கழகம், யு.ஜி.சி. அங்கீகாரம் உண்டா, நேரடி வகுப்பா, தொலைநிலைக் கல்வியா என்ற மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். எழுத்தில் தர மறுத்தால் அதுவே பதில்.

## 2. ஹோட்டல் மேனேஜ்மென்ட்

இதைத் தனிப் படிப்பாகவே பார்க்க வேண்டும். 'டூரிசம்' என்று கேட்டு வருபவர்களில் பாதிப் பேர் மனதில் இருப்பது இது என்பதால் சேர்த்துக்கொள்கிறேன். என்.சி.எச்.எம். ஜே.இ.இ. நுழைவுத் தேர்வைத் தேசியத் தேர்வு முகமை (என்.டி.ஏ.) நடத்துகிறது. அதில் தேறினால் சென்னை தரமணி, திருச்சி துவாக்குடி போன்ற அரசு நிறுவனங்களில் மூன்று வருட பி.எஸ்சி. கிடைக்கும். சமையல், பரிமாறுதல், அறைப் பராமரிப்பு, வரவேற்பு என்ற நான்கு துறையிலும் கையை நனைக்க வேண்டும். இடையில் சில மாதம் ஹோட்டலிலேயே பயிற்சி.

சுற்றுலாப் பட்டத்தைவிட வேலை கிடைப்பது சுலபம். வெளிநாடு, கப்பல் என்று வாசலும் பெரிது. விலையைக் கால்கள் கொடுக்கும்: பத்து மணி நேரம் நின்றபடி வேலை. ஊரே புத்தாண்டு கொண்டாடும் ராத்திரி உங்களுக்கு மிக நீண்ட ஷிஃப்ட். படிப்பை முடித்து ஒரு வருடத்தில் ஓடிப்போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். காரணம் கேட்டால் யாரும் சம்பளத்தைச் சொல்வதில்லை, தூக்கத்தைத்தான் சொல்கிறார்கள்.

கப்பல் வேலை என்று முன்பணம் கேட்கும் ஏஜென்ட்டிடம் கப்பலுக்கு ஆள் எடுக்கக் கப்பல் போக்குவரத்து இயக்குநரகம் தந்த ஆர்.பி.எஸ்.எல். உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். உரிமம் உள்ளவர் உங்களிடம் வேலைக்காகப் பணம் வாங்கக் கூடாது.

சமைக்கவோ, ஆட்களை வேலை வாங்கவோ பிடித்து, உடம்பு ஒத்துழைத்தால் இதற்குப் போகலாம். 'ஊர் சுற்றப் பிடிக்கும்' என்பவருக்கு இது முற்றிலும் தவறான இடம். வேலை நான்கு சுவருக்குள்.

## 3. ஏதாவது ஒரு பட்டம், அப்புறம் டிக்கெட்டிங்

பி.காம். முடித்துவிட்டு ஐயாட்டா (சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம்) டிப்ளமா, அதோடு அமடியஸ், கலிலியோ, சேபர் ஆகிய முன்பதிவு மென்பொருள்களில் ஒன்றைக் கற்றுக்கொண்டு டிராவல்ஸில் சேர்வது பழைய வழி. நான் வந்த வழி.

அது இப்போது பாதி அடைபட்டிருக்கிறது என்பதை மறைக்க மாட்டேன். ஒரு காலத்தில் விமான நிறுவனங்கள் டிக்கெட்டுக்கு இத்தனை சதவீதம் என்று கமிஷன் தந்தன. 2008, 2009 வாக்கில் அது கிட்டத்தட்ட ஒன்றுமில்லாமல் போனது. இப்போது ஏஜென்ட் பிழைப்பது சேவைக் கட்டணத்தில். சென்னையிலிருந்து டெல்லிக்குப் போகும் இளைஞன் போனிலேயே டிக்கெட் போட்டுக்கொள்கிறான். அவன் எங்கள் படி ஏற மாட்டான்.

ஏறுபவர்கள் வேறு ஆட்கள். திருச்சியிலிருந்து வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர், உம்ரா குழு, கோலாலம்பூரில் கல்யாணத்துக்குப் போகும் முப்பது பேர், கம்பெனி செலவில் பறக்கும் அதிகாரிகள், தேதி மாற்றவும் பணம் திரும்ப வாங்கவும் வழி தெரியாமல் நிற்பவர்கள். அப்புறம் பெயர்ச் சிக்கல்காரர்கள். இது நம் ஊருக்கே உரியது. எஸ். முருகன் என்றால் எஸ் என்பது அப்பா பெயரின் முதல் எழுத்து. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். டிக்கெட் மென்பொருள் அந்தக் கட்டத்தைக் காலியாக ஏற்காது. ஒரு விமான நிறுவனம் பெயரையே இரண்டு முறை போடச் சொல்லும், இன்னொன்று வேறு மாதிரி கேட்கும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டில் விசிட் விசாவுக்கு அனுமதி இல்லை என்று சொல்லி, பிறகு பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் சரி என்று இறங்கி வந்தது. அந்த வாரம் தமிழ்நாட்டு டிராவல்ஸ்களில் யாரும் ஒழுங்காகச் சாப்பிட்டிருக்க மாட்டார்கள். இது மாதிரி முடிச்சுகளை அவிழ்க்கத் தெரிந்தவருக்கு இன்னும் வேலை இருக்கிறது. வெறுமனே டிக்கெட் போடத் தெரிந்தவருக்கு இல்லை.

மறைமுகச் செலவு இரண்டு. பயிற்சி மையக் கட்டணத்துக்கு மேல் தேர்வுக் கட்டணம் தனியாக வரும். விளம்பரத்தில் அது சின்ன எழுத்தில் இருக்கும். அடுத்தது ஏ.டி.எம். பணம் தரும் ஏ.டி.எம். இல்லை, பிடுங்கும் ஏ.டி.எம்.; ஏஜென்சி டெபிட் மெமோ. கட்டணத்தைத் தப்பாகப் போட்டு டிக்கெட் அடித்துவிட்டால் வித்தியாசத் தொகையை விமான நிறுவனம் ஏஜென்சியிடம் கேட்கும். நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதம் ஒரு குழந்தைக்குப் போக, வர கைக்குழந்தைக் கட்டணமே போட்டுவிட்டேன். அந்தக் குழந்தைக்கு நடுவில் இரண்டு வயது முடிந்துவிட்டது. திரும்பும்போது அதற்கு முழு சீட் வேண்டும். பாஸ்போர்ட் நகலில் பிறந்த தேதி என் கண் முன்னால்தான் இருந்தது. மூன்று மாதம் சம்பளத்தில் பிடித்தார் முதலாளி. பிடித்தது நியாயம்தான் என்று இப்போது தோன்றுகிறது, அப்போது தோன்றவில்லை.

சென்னை, பெங்களூரில் வெளிநாட்டு நிறுவனங்களின் பயணச் சேவையைக் கையாளும் அலுவலகங்கள் சம்பளம் கூடுதலாகத் தருகின்றன. அங்கே ராத்திரி ஷிஃப்ட்தான். வீட்டில் பெரியவர்களிடம் இதை முன்பே பேசிவிடுங்கள். வேலைக்குச் சேர்ந்த பிறகு பேசினால் பெண் பிள்ளைகளுக்குப் பாதியில் நிறுத்தும் நிலை வருகிறது.

திரும்பி வர வழி இதில் நன்றாக இருக்கிறது. கையில் பி.காம். இருக்கிறதே. 2020இல் எங்கள் அலுவலகத்திலிருந்து போனவர்களில் சீக்கிரம் வேறு வேலை பிடித்தவர்கள் கணக்குத் தெரிந்தவர்கள்தான்.

## 4. ஏதாவது ஒரு பட்டம், கூடவே ஒரு அந்நிய மொழி, அப்புறம் கைடு

யாரும் கேட்காத வழி. நான் அதிகம் சொல்லும் வழி.

வரலாறோ பொருளாதாரமோ எதையாவது பக்கத்து அரசுக் கல்லூரியில் குறைந்த செலவில் படியுங்கள். மிச்சப்படும் பணத்தையும் மாலை நேரத்தையும் ஒரு மொழியில் போடுங்கள். சென்னையில் பிரெஞ்சுக்கு அலியான்ஸ் பிரான்சேஸ், ஜெர்மனுக்கு மாக்ஸ் முல்லர் பவன் என்று அறியப்படும் கதே நிறுவனம், ஜப்பானியத்துக்கு ஏ.பி.கே. ஏ.ஓ.டி.எஸ். தோசோகாய். வெளியூர்க்காரர்களுக்கு இணைய வகுப்பும் உண்டு. ஐரோப்பிய மொழிகளில் படிநிலைகள் ஏ1இல் தொடங்கி ஏ2, பி1, பி2 என்று ஏறும். கூட்டத்தின் முன்னால் நின்று ஒரு கோயிலை விளக்க பி2 வேண்டும். மூன்று வருடப் பட்டம் முடிவதற்குள் அதைத் தொட்டுவிடலாம், விடாமல் படித்தால்.

கைடு தகுதிக்கு மத்தியச் சுற்றுலா அமைச்சகம் 2020 முதல் இணைய வழிச் சான்றிதழ்ப் படிப்பு ஒன்றை நடத்துகிறது. மாநில அளவிலும் பயிற்சியும் உரிமமும் உண்டு. அடையாள அட்டை இல்லாமல் தொல்லியல் துறையின் நினைவுச் சின்னங்களில் தொழில் செய்ய முடியாது, செய்யவும் கூடாது.

இதில் ஏன் எனக்கு நம்பிக்கை? சென்னை, மாமல்லபுரம், புதுச்சேரி, தஞ்சை, செட்டிநாடு, மதுரை, அப்படியே தேக்கடி இறங்கிக் கேரளம் என்ற தடத்தில் ஐரோப்பியக் குரூப்புகள் வருடா வருடம் வருகின்றன. ஆங்கிலத்தில் பேசும் கைடுகள் ஊருக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். பிரெஞ்சோ ஸ்பானியமோ பேசும் தமிழ் கைடுகளை ஒரு கையில் எண்ணலாம். அவர்களின் தேதிக்காகக் கம்பெனிகள் குரூப்பையே மாற்றிப் போடுவதைப் பார்த்திருக்கிறேன்.

வேலையும் அறிவோடு சம்பந்தப்பட்டது. மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தின் முன்னால் நின்று, அது அர்ச்சுனன் தபசு என்பாரின் வாதத்தையும் பகீரதன் கங்கையை இறக்கிய கதை என்பாரின் வாதத்தையும் சொல்ல வேண்டும். சொல்லி முடித்துவிட்டு, கீழே பின்னங்கால்களில் நின்று தவம் செய்வதாக நடிக்கும் பூனையைக் காட்ட வேண்டும். ஊருக்குப் போன பிறகு அவர்களுக்கு ஞாபகம் இருப்பது அந்தப் பூனைதான். தஞ்சைப் பெரிய கோயிலின் நிழல் தரையில் விழாது என்று இன்றும் சொல்லும் கைடுகள் உண்டு. சாயங்காலம் நாலு மணிக்கு, அந்த நிழலிலேயே நின்றுகொண்டு சொல்வார்கள். கூட வந்தவர் கட்டடக் கலைஞராக இருந்துவிட்டால் அந்த இடத்திலேயே மரியாதை போய்விடும். படிக்கிற பழக்கம் இல்லாதவர் இந்த வேலைக்கு வர வேண்டாம்.

குறைகளைச் சொல்லியாக வேண்டும். இது மாதச் சம்பளம் இல்லை, நாள் கூலி. அக்டோபர் முதல் மார்ச் வரை சீசன், நடுவில் நவம்பர் மழை. ஜூலை, ஆகஸ்டில் ஐரோப்பிய விடுமுறைக் குரூப்புகள் கொஞ்சம் வரும். ஏப்ரல், மே காலி. பி.எஃப். கிடையாது, தொண்டை கட்டினால் அன்றைக்கு வருமானம் கிடையாது. முதல் இரண்டு வருடம் யாரும் கூப்பிட மாட்டார்கள். சீனியர் கைடு உடம்பு சரியில்லாமல் படுக்கும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டும். அப்புறம் கடைக் கமிஷன். பட்டுக்கடை, சிலைக்கடை, காஷ்மீரக் கம்பளக் கடை வாசலில் குரூப்பை இறக்கினால் விற்றதில் பங்கு தருவார்கள். பலருக்கு அதுதான் பாதி வருமானம். வாங்குவதா, வேண்டாமா என்பதை முதல் மாதத்திலேயே முடிவு செய்ய வேண்டிவரும். வாங்கப் பழகியவர் கோயிலில் இருக்க வேண்டிய நேரத்தைக் கடைக்குக் கொடுப்பார். அதைக் கண்டுபிடிக்காத பயணி இல்லை.

2020இல் கைடுகள்தான் முதலில் விழுந்தார்கள். ஆனால் மொழி தெரிந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். ஜெர்மன் பேசும் ஒரு நண்பர் அந்த வருடமே வீட்டிலிருந்து மொழி வகுப்பு எடுக்கத் தொடங்கினார். பிரெஞ்சு தெரிந்த இன்னொருவர் ஐ.டி. கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்குப் போய்விட்டார், திரும்பி வரவே இல்லை. திரும்பி வர வழி என்று மேலே நான் எழுதியது இதைத்தான். ஐந்து வழிகளில் எது பொய்த்தாலும் மொழி கையில் நிற்கும்.

## 5. எம்.பி.ஏ. டூரிசம்

புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் சுற்றுலாத் துறை தனியாக இருக்கிறது, அங்கே எம்.பி.ஏ. படிக்கலாம். ஐ.ஐ.டி.டி.எம்.மிலும் உண்டு. பேக்கேஜ் வடிவமைப்பு, மாநாட்டு ஏற்பாடு, கம்பெனிக் குரூப், பெரிய மருத்துவமனைகளின் வெளிநாட்டு நோயாளிகள் பிரிவு ஆகிய இடங்களில் மேலாளர் பக்கத்திலிருந்து தொடங்கலாம். கல்லூரி ஆசிரியராக விரும்பினால் யு.ஜி.சி. நெட் தேர்வில் சுற்றுலா நிர்வாகம் தனிப் பாடமாகவே இருக்கிறது.

பட்டம் முடிந்ததும் நேராக இதில் சேராதீர்கள் என்பது என் கட்சி. இரண்டு வருடம் கவுண்டரில் உட்கார்ந்துவிட்டுப் போனவருக்கும் நேராகப் போனவருக்கும் நேர்முகத் தேர்விலேயே வித்தியாசம் தெரிகிறது. இளங்கலையிலும் டூரிசம், முதுகலையிலும் டூரிசம் என்று படித்தால் பாதிப் பாடம் திரும்ப வரும். ஐந்து வருடக் கட்டணத்துக்கு நான்கு வருடப் படிப்புதான் கிடைக்கும். பி.காம். படித்துவிட்டு இதற்கு வருவது லாபம்.

## கல்லூரி விற்காத ஒரு வழி

பட்டமே இல்லாமல் இந்தத் தொழிலில் நன்றாகச் சம்பாதிப்பவர்கள் யாத்திரை நடத்துபவர்கள். காசி, ராமேஸ்வரம், நவக்கிரகம், அறுபடை வீடு. ஐம்பது அறுபது பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு, கூடவே சமையல்காரரையும் பாத்திரத்தையும் ரயிலில் ஏற்றி, வாரணாசியில் சுடச்சுட ரசம் சாதம் போடுவார்கள். அந்த ரசம்தான் அவர்களின் விளம்பரம். தனியார் ஏற்பாட்டில் நாட்டின் முதல் பாரத் கௌரவ் சுற்றுலா ரயில் 2022 ஜூனில் கிளம்பியதும் கோவையிலிருந்துதான், ஷீர்டிக்கு. இதைச் செயலி தொட முடியாது. படிகளில் ஒரு பாட்டியைக் கைப்பிடித்து இறக்கும் செயலி இன்னும் வரவில்லை. ஆனால் இதைக் கற்க ஒரே இடம், அப்படி நடத்துகிற ஒருவரின் பக்கம்தான். முதலும் வேண்டும்: ரயிலுக்கும் ரூமுக்கும் முன்பணம் கட்டிவிட்டுத்தான் ஆள் சேர்க்கவே தொடங்க முடியும்.

## சரி, யார் எதை எடுப்பது?

வீட்டில் பணம் இறுக்கம், பிள்ளை படிப்பாளி என்றால் நான்காவது வழி. சீக்கிரம் சம்பளம் வேண்டும், உடம்பு உழைக்கும் என்றால் ஹோட்டல். சொந்த டிராவல்ஸ் இருக்கிறது, அல்லது பெரிய ஊரில் நல்ல கல்லூரி கிடைத்துவிட்டது என்றால் சுற்றுலாப் பட்டம். ஏற்கெனவே பட்டம் முடித்து வேலை தேடுபவர் டிக்கெட்டிங் போகலாம், விசாவையும் குரூப்பையும் சேர்த்துக் கற்றுக்கொள்வதானால். 'ஊர் சுற்றப் பிடிக்கும், அதனால் டூரிசம்' என்பவருக்கு வேறு ஏதாவது வேலை பார்த்து, அந்தச் சம்பளத்தில் ஊர் சுற்றும்படி சொல்கிறேன். நாங்கள் மற்றவர்கள் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள்.

கல்லூரியில் சேரும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "போன வருஷம் உங்க பசங்க எந்தக் கம்பெனியில இன்டர்ன்ஷிப் செஞ்சாங்க?" பெயர் பெயராகச் சொன்னால், அந்தக் கம்பெனிகளில் ஒன்றுக்குப் போன் செய்து பாருங்கள். 'முன்னணி நிறுவனங்களில்' என்று பொதுவாகச் சொன்னால் டீ குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.

ஒத்தக்காலில் நின்றாள் என்றேனே, அந்தப் பெண்ணின் அப்பாவிடம் இவ்வளவும் சொல்லவில்லை. மே மாதம் இரண்டு வாரம் என் கவுண்டரில் வந்து உட்காரட்டும் என்றேன். வந்தாள். கொடைக்கானலில் ரூம் இல்லை என்று எப்படியும் இருநூறு பேருக்குச் சொல்லியிருப்பாள். திட்டு வாங்கினாள். ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதாள். பன்னிரண்டாம் நாள் ஒரு குடும்பம் வந்தது. தாத்தா பாட்டி, இரண்டு வாண்டுகள். ரூம் இல்லை என்று சொல்லிவிட்டு விடாமல், தாத்தாவுக்கு முட்டி வலி உண்டா, பிள்ளைகளுக்கு வண்டியில் வாந்தி வருமா என்று கேட்டாள். மேகமலைப் பக்கம் இரண்டு இடத்துக்குத் தானே போன் போட்டு விசாரித்து, எஸ்டேட் ரூம் ஒன்றைப் பிடித்து, வண்டியும் பேசி அனுப்பி வைத்தாள். திரும்பி வந்த அன்று அந்தத் தாத்தா கடைக்கே வந்து ஒரு பை ஏலக்காய் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலமே அவள் அப்பாவுக்குப் போன் செய்து, சேர்க்கலாம் என்றேன்.